குறுக்குக் கோட்டுப் பை

பழைய துணியில் அச்சடிப்பதென்றால் முதலில் அதை நன்றாகத் தோய்க்க வேண்டும். வியர்வை, எண்ணெய், மண் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் மை பிடிக்காது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. நான் என்ன செய்வது, மையின் குணம் அது.

கிளிநொச்சியில் ஸ்க்ரீன் பிரிண்ட் பட்டறை வைத்திருக்கிறேன். திருவிழா பனர், ரியூஷன் விளம்பரமெல்லாம் வயிற்றுக்கு. மனதுக்கு வேறு வேலை. கிழிந்த கூடாரத் தறப்பாள், உரச்சாக்கு, பழைய பள்ளிச் சீருடை என்று தேடியெடுத்து, மேலே ஒரேயொரு சொல்லைத் தடித்த எழுத்தில் அடிப்பேன். கொழும்புக் கண்காட்சிகளில் அதற்கு நல்ல மரியாதை.

நாகேஸ்வரி அம்மா ஒரு சட்டையோடு வந்தார். அவருடைய ஒரே மகன் கிருசாந்தன், கடைசிச் சண்டையில் காணாமற் போனவன். அதற்கு முந்திய தீபாவளிக்கு கோடு போட்ட ஒரே துணியில் தகப்பனுக்கும் மகனுக்கும் அவரே தைத்திருக்கிறார். துணி போதாமல், இரண்டு சட்டையிலும் பையை மட்டும் கோடு குறுக்கே வர வைத்துத் தைத்தாராம். ஒன்றைப் போட்டபடிதான் மகன் போனான். இது செத்துப்போன கணவருடையது. காணாமற் போனவர்களின் உறவினர் இருக்கும் போராட்டப் பந்தலில் கட்ட, இதைப் படமாக பனரில் அடித்து, 'இந்தச் சட்டையைக் கண்டவர்கள் சொல்லுங்கள்' என்று கீழே எழுதித் தரச் சொன்னார்.

"இதின்ர சோடி அவன்ர உடம்பில கிடக்கு, தம்பி. கவனமா வைச்சிருங்கோ."

கவனமாகத்தான் வைத்திருந்தேன். பனரும் அடித்துக் கொடுத்தேன். பிறகு சட்டையைத் தோய்த்து, அதன் முதுகில் 'எங்கே?' என்று கறுப்பு மையில் அடித்தேன். அதைக் கண்டு அம்மா மையை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். இனி உலகமே உங்களுக்காகக் கேட்கும் என்று விளங்கப்படுத்தினேன். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓமென்றார்.

சட்டை கொழும்புக்குப் போனது. அதன் முன்னால் நின்று ஆட்கள் அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது, பொய் சொல்லவில்லை.

போன வருடம் ஒரு காணியைத் துப்புரவாக்கும்போது எலும்புகள் வந்தன. கூட வந்த உடுப்புகளை மேசைகளில் பரப்பி, அடையாளம் காட்ட உறவினரைக் கூப்பிட்டார்கள். தொட விடமாட்டார்கள், பார்க்க மட்டுந்தான். அம்மாவுக்குக் கண்ணில் வெண்புரை. துணைக்கு வேறு ஆளுமில்லை. அந்தச் சட்டையோடு பழகினவர் நீங்கள்தான், எனக்காகப் பாருங்கோ என்று கெஞ்சினார். கூட்டிக்கொண்டு போனேன்.

சட்டை அங்கே கிடந்தது. கோடுகள் மண்ணேறி மங்கியிருந்தன. பையில் மட்டும் அவை குறுக்கே ஓடின. துணி விஷயத்தில் என் கண் பிழைவிடாது.

அப்போது நான் யோசித்ததைச் சொல்கிறேன், நியாயத்தை நீங்களே பாருங்கள். அடுத்த மாதம் என் சட்டை வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போக இருந்தது. பதில் கிடைத்துவிட்டால் அந்தக் கேள்விக்கு அங்கே என்ன வேலை? அம்மாவுக்கும் மிஞ்சப்போவது எலும்புதானே.

"இல்லை அம்மா. அதுமாதிரி ஒண்டும் இல்லை."

"அப்ப எங்கையோ உயிரோட இருக்கிறான்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சந்தோசம் நான் கொடுத்தது. திரும்பி வரும்போது தேத்தண்ணிக் கடையில் எனக்குப் பணிஸ் வாங்கித் தந்தார், நானும் சாப்பிட்டேன்.

இப்போதும் பந்தலில்தான் இருக்கிறார். பனர் வெயிலில் வெளிறிவிட்டதென்று நேற்று வந்தார். புதிதாக அடித்துக் கொடுத்தேன், காசு வாங்க மனம் வரவில்லை. இம்முறை எழுத்தை இன்னும் தடிப்பாக்கியிருக்கிறேன். றோட்டால் போகிறவர்கள் எல்லோரும் வாசிக்கட்டும்; உண்மை தெரிந்த யாராவது ஒருவனுக்கு மனச்சாட்சி இல்லாமலா போய்விடும்?