மாமா கேட்டால் என்ன சொல்லணும்

டாக்டர்: நான் தலையை ஆட்டலடா. நீதான் முடி வெட்டுற மெஷினை ஆட்டுறே.

சித்தப்பா: குப்பைப் பையைப் போர்த்திக்கிட்டு இவ்வளவு வாய் பேசுற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். குனிங்க.

டாக்டர்: பையில ஓட்டையைப் பெரிசாப் போட்டுட்டே. முடியெல்லாம் உள்ள போகுது.

சித்தப்பா: உங்க மண்டைக்கு அளவெடுத்துத்தான் போட்டேன். ஆராய்ச்சி பண்ற மண்டை இல்லையா, அப்படித்தான் இருக்கும்.

டாக்டர்: சரி, இன்னொரு தடவை சொல்லு. மாமா போன் பண்ணா என்ன சொல்வே?

சித்தப்பா: எந்த மாமா?

டாக்டர்: டேய்…

சித்தப்பா: தெரியும் டாக்டரே. உங்களுக்குப் பார்த்திருக்கிற பொண்ணோட தாய்மாமா. இப்ப என்னைக் கூப்பிட்டு, கூடத் தங்கியிருக்கிறவன்ங்கிற முறையில, பையன் எப்படிப்பட்டவன்னு விசாரிக்கப் போறார். காலையிலேர்ந்து ஒப்பிச்சு ஒப்பிச்சு என் வாயே காய்ஞ்சு போச்சு.

டாக்டர்: முதல்ல இந்த டாக்டர்ங்கிறதை விடு. முடிக்காத படிப்புக்கு அதுக்குள்ள பட்டம் வேற.

சித்தப்பா: நான் மட்டும்? இந்த வீட்டுல எல்லாரையும் விடச் சின்னவன், என்னைப் போய் சித்தப்பாங்கிறீங்க. நான் எதாவது கேட்டேனா?

டாக்டர்: குடை எடுத்தியா, ஸ்வெட்டர் போட்டியான்னு வீடு பூரா விரட்டிக்கிட்டுத் திரிஞ்சா வேற எப்படிக் கூப்பிடுறது… சமையல் தெரியுமான்னு கேட்டா?

சித்தப்பா: பிரமாதமாப் பண்ணுவார்.

டாக்டர்: சிரிக்காம சொல்லு.

சித்தப்பா: போன மாசம் குக்கர்ல அரிசியைப் போட்டுட்டுத் தண்ணி ஊத்த மறந்தீங்களே, அது வேண்டாமா?

டாக்டர்: வேண்டாம்.

சித்தப்பா: புகை அலாரம் அடிச்சு, மேல் வீடு கீழ் வீடு எல்லாம் போர்வையோட ரோட்டுல வந்து நின்னது?

டாக்டர்: …அதுவும் வேண்டாம்.

சித்தப்பா: என் வெள்ளைச் சட்டையை எல்லாம் ரோஸ் கலராத் துவைச்சுக் கொடுத்தது?

டாக்டர்: மெஷினுக்குள்ள சிவப்பு சாக்ஸ் கிடந்தது எனக்கு எப்படிடா தெரியும்?

சித்தப்பா: நான் ரோஸ் சட்டையோட ஓட்டல்ல நின்னு தட்டு கழுவுறேன். மானேஜர் தினமும் வந்து, இன்னைக்கு ஏதாவது விசேஷமான்னு கேட்கிறார்.

டாக்டர்: சரிடா, சரி.

சித்தப்பா: இவ்வளவு பொய் சொல்றதுக்கு ஒரு மாசம் பாத்ரூம் கழுவுற முறை உங்களோடது.

டாக்டர்: ரெண்டு வாரம்.

சித்தப்பா: காதுகிட்ட வந்துட்டேன். யோசிச்சுப் பேசுங்க.

டாக்டர்: …ஒரு மாசம்.

சித்தப்பா: நல்ல பையன்.

டாக்டர்: இப்ப முக்கியமானது. படிப்பு எப்ப முடியும்னு கேட்டா?

சித்தப்பா: ஆறு… ஆறு மாசத்துல முடிஞ்சிடும்.

டாக்டர்: ஏன் இழுக்கிறே?

சித்தப்பா: லேப்ல ஃப்ரீசர் கெட்டுப்போய், இத்தனை நாள் சேர்த்து வெச்ச சாம்பிள் அத்தனையும் உருகிப் போச்சே டாக்டரே. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருக்கீங்க. முழுசா ரெண்டு வருஷம் ஆகும்னு நீங்கதானே…

டாக்டர்: ஃப்ரீசர்ங்கிற வார்த்தையே உன் வாயில வரக்கூடாது.

சித்தப்பா: அந்தப் பொண்ணுகிட்டயாவது சொன்னீங்களா?

டாக்டர்: ரெண்டு தடவை பேசினோம். சொல்லணும் சொல்லணும்னுதான் போனை எடுத்தேன்.

சித்தப்பா: அப்புறம்?

டாக்டர்: இங்க குளிர் எப்படி இருக்குன்னு சொன்னேன்.

சித்தப்பா: ரெண்டு தடவையுமா?

டாக்டர்: ரெண்டாவது தடவை காத்து பத்தியும் சொன்னேன்.

சித்தப்பா: வானிலை அறிக்கையைக் கேட்டுக்கிட்டு ஒரு பொண்ணு போனை வைக்காம இருந்திருக்கே… பிடிச்சிருக்கா உங்களுக்கு?

டாக்டர்: ரொம்பப் பிடிச்சிருக்குடா. அதான் பயமா இருக்கு. ரெண்டு வருஷம்னு தெரிஞ்சா யார் காத்துக்கிட்டிருப்பா… ஏய், ஏன் நிறுத்திட்டே?

சித்தப்பா: நான் நிறுத்தலை. மெஷின் நின்னு போச்சு.

டாக்டர்: நின்னு போச்சுன்னா?

சித்தப்பா: சார்ஜ் இல்லை.

டாக்டர்: ஒரு பக்கம்தானேடா வெட்டியிருக்கே.

சித்தப்பா: வெட்டின பக்கம் நல்லாத்தான் வந்திருக்கு.

டாக்டர்: சாயங்காலம் வீடியோவில அவங்க வீட்டுல எல்லாரும் பார்க்கப் போறாங்கடா.

சித்தப்பா: சார்ஜ் போட்டுட்டேன். கத்தாதீங்க. அந்தப் பக்கமாத் திரும்பி உட்கார்ந்தா…

டாக்டர்: போன் அடிக்குது. உன் போன். மாமாதான். ஸ்பீக்கர்ல போடு… சிரிக்காதே.

பெண்ணின் மாமா: ஹலோ, தம்பி. சொன்னாப்பல கூப்பிட்டுட்டேன். பேசலாமா?

சித்தப்பா: பேசலாம் சார். வணக்கம்.

பெண்ணின் மாமா: என்னப்பா, கிணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி இருக்கு?

சித்தப்பா: பாத்ரூம் சார்… அதாவது, இங்கதான் நல்லாக் கேட்கும்.

பெண்ணின் மாமா: மாப்பிள்ளைப் பையன் பக்கத்துல இருக்காரா?

சித்தப்பா: இல்லை சார். லைப்ரரி போயிருக்கார். ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டார்.

பெண்ணின் மாமா: நல்லது. கெட்ட பழக்கம் ஏதாவது…

சித்தப்பா: டீ மட்டும் கொஞ்சம் அதிகம்.

பெண்ணின் மாமா: கோபம் வருமா?

சித்தப்பா: வந்தா பாத்திரம் கழுவப் போயிடுவார் சார். அவருக்குக் கோபம் வந்தா எங்களுக்கெல்லாம் சந்தோஷம்.

பெண்ணின் மாமா: சமையல்?

சித்தப்பா: பிரமாதமாப் பண்ணுவார். ஒரு வாரத்துக்கு மொத்தமாச் செஞ்சு டப்பா டப்பாவா ஃப்ரீசர்ல… ஃப்ரிட்ஜ்ல… வெளியிலதான் சார் வைப்பார்.

பெண்ணின் மாமா: கெட்டுப் போயிடாதா?

சித்தப்பா: …இந்தக் குளிருக்கு ஒண்ணும் ஆகாது சார்.

பெண்ணின் மாமா: சரி தம்பி. சுத்தி வளைக்காம ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். எங்க அக்காவுக்கு இருக்கிறது ஒரே பொண்ணு. நீ அந்தப் பையன்கூட ஒரே வீட்டுல இருக்கே, உன்னை நம்பிக் கேட்கிறேன். அவருக்குப் படிப்பு எப்ப முடியும்?

சித்தப்பா: அது வந்து சார்…

பெண்ணின் மாமா: ஆறு மாசம்னு அவங்க வீட்டுல சொன்னாங்க.

சித்தப்பா: ரெண்டு வருஷம் சார். அவர் மேல தப்பு ஒண்ணும் கிடையாது. லேப்ல ஃப்ரீசர் கெட்டுப் போச்சு, வேலை எல்லாம் வீணாப் போச்சு. அவர் இடத்துல நான் இருந்தா மூட்டை கட்டிக்கிட்டு ஊருக்கு வந்திருப்பேன். அவர் மறுநாள் காலையில பஸ் பிடிச்சு லேபுக்குப் போய் முதல்லேர்ந்து ஆரம்பிச்சார். இதை மறைச்சு உங்க பொண்ணைக் கட்டிக்கொடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரலை சார்.

பெண்ணின் மாமா: ஃப்ரீசர்… ஆமா. அவளும் அப்படித்தான் சொன்னா.

சித்தப்பா: யாரு சார்?

பெண்ணின் மாமா: என் அக்கா பொண்ணுதான். நேத்தே எல்லாத்தையும் சொல்லிட்டா. ரெண்டு வருஷம் ஆகட்டும், எனக்குச் சம்மதம்னு எங்க அக்கா முன்னாடி நின்னு சொல்றா. நீ ஆறு மாசம்னு சொல்லியிருந்தா இந்தச் சம்பந்தமே வேண்டாம்னு போனை வெச்சிருப்பேன்.

சித்தப்பா: நல்லவேளை சார்.

பெண்ணின் மாமா: சாயங்காலம் வீடியோவில வர்றோம். அவரை முடி வெட்டிக்கிட்டு வரச் சொல்லு. போட்டோவில ஒரே காடா இருக்கு.

சித்தப்பா: சொல்றேன் சார். பாதி… பக்கத்துலதான் கடை. வெச்சிடுறேன் சார்… போனை வெச்சாச்சு டாக்டரே, திட்டுறதா இருந்தா திட்டிடுங்க. இப்படிப் பார்க்காதீங்க.

டாக்டர்: அவளுக்கு எப்படித் தெரியும்?

சித்தப்பா: சொன்னா அடிக்கக் கூடாது.

டாக்டர்: சொல்லு.

சித்தப்பா: முந்தாநாள் எனக்குப் போன் பண்ணாங்க. ஓட்டல் பின்பக்கம் நின்னு பேசினேன். சும்மா ரெண்டு வார்த்தை பேசலாம்னுதான் நினைச்சேன். தண்ணி ஊத்தாத குக்கர், போர்வை, ரோஸ் சட்டை, எல்லாம் வந்துடுச்சு. ஃப்ரீசரும் வந்துடுச்சு.

டாக்டர்: அவ என்ன சொன்னா?

சித்தப்பா: குக்கருக்குச் சிரிச்சாங்க. ஃப்ரீசர் கதையை முழுசாக் கேட்டாங்க. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

டாக்டர்: எப்ப முடியும்னா?

சித்தப்பா: அன்னைக்கு நீங்க சாப்பிட்டீங்களான்னு.

டாக்டர்: …நீ என்ன சொன்னே?

சித்தப்பா: சமையலறையில ஷூவைக்கூடக் கழட்டாம உட்கார்ந்திருந்தார், நான்தான் தட்டுல போட்டுக் கையில கொடுத்தேன்னு சொன்னேன். ரொம்ப நன்றின்னாங்க. ஏன் டாக்டரே, கண்ணுல முடி விழுந்துடுச்சா?

டாக்டர்: ஆமா. நீ வெட்டுற லட்சணம்.

சித்தப்பா: ஒண்ணுதான் புரியலை. என் நம்பர் எப்படிங்க கிடைச்சுதுன்னு கேட்டேன். கடைசி வரைக்கும் சொல்லலை.

டாக்டர்: நான்தான்டா உன் நம்பரை அவளுக்கு அனுப்பினேன். எனக்கே சொல்ல வாய் வரலை, இவன்கிட்ட கேளுங்க, இவன் வயித்துல ஒரு வார்த்தை தங்காதுன்னு. மாமாவைச் சமாளிச்சிடலாம், அவளுக்கு மட்டும் உண்மை தெரிஞ்சாப் போதும்னு நினைச்சேன்… போன் பண்ணாளா, இல்லையான்னு தெரியாம நான் இங்க செத்துக்கிட்டிருக்கேன், நீ என்னடான்னா ரெண்டு நாளா கம்முன்னு இருந்திருக்கே.