வசந்தம் பதினான்கு

தேநீர் ஆறிவிட்டதே என்று வருந்தாதீர்கள், ஐயா. எனக்கு ஆறியதுதான் பிடிக்கும். என் கணவருக்குத்தான் நாக்கு பொத்துப்போகிற சூடு வேண்டும்.

எங்கள் மகன் நாவோகி பதினொரு வயதில் போனான். மூன்றே நாள் காய்ச்சல். அவனுடைய கையடக்க விளையாட்டுக் கருவி பின்னால் பழுதாகிவிட்டது, கேசட் மட்டும் மிஞ்சியது. பழைய கேசட்டும் ஓடுகிற புதுக் கருவி ஒன்றை என் கணவர் கோயிச்சி தேடி வாங்கி வந்தார்.

பண்ணை வைத்து நடத்துகிற விளையாட்டு அது. ஒரே ஒரு பதிவுக்குத்தான் இடம். நாவோகி கடைசியாகச் சேமித்தது, விளையாட்டுக் கணக்கில், வசந்தம் பதினான்காம் நாள். கோயிச்சி தினமும் சாப்பிட்டதும் அந்தப் பண்ணையில் நடப்பார். பழுத்த பழத்தைப் பறிக்க மாட்டார், சேமிக்கவும் மாட்டார். சேமித்தால் பிள்ளை விட்டுப்போன நாள் அழிந்துவிடும். பிறகு அணைத்து, பூசை மாடத்தில் அவன் படத்துக்கு முன்னால், சோற்றுக் கிண்ணத்தின் பக்கத்தில் வைப்பார். இப்படி ஒன்பது வருடம்.

"அம்மா, இங்க வாயேன். நாய் வால ஆட்டுது பாரு."

அம்மா என்றது என்னைத்தான். பிள்ளை பிறந்த அன்று நான் அவருக்கு அம்மா ஆனேன், அவர் எனக்கு அப்பா. பிள்ளை போன பிறகும் அது மாறவில்லை. சுமியே என்ற என் பெயர், மரியாதைக்குச் சேர்க்கிற 'சான்' என்பதோடு, தபால்காரர் வாயில் மட்டும் இருந்தது.

"அப்பா, நாம ரெண்டு பேரும் இன்னும் உயிரோடதான இருக்கோம்?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"நீ இரு. எனக்கு அவனோட வேலை இருக்கு," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

போன வருடம் ஒருநாள் தூசி அடைத்து அந்தப் பதிவு தெரியாமல் போனது. அவர் எழுந்து ஆற்றங்கரைக்குப் போனார். நான் கேசட்டைத் துடைத்துப் போட்டேன், வந்துவிட்டது. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். அதனால், பதிவு அழிந்தால் அவர் எங்கே போவார் என்பது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

இந்த ஞாயிறு காலை அவர் முடிவெட்டப் போயிருந்தார். நான் கருவியை எடுத்து 'முதலிலிருந்து' என்பதை அழுத்தினேன். பெயர் கேட்டது. சுமியே என்று கொடுத்தேன். சேமிக்கச் சொன்னதும், பழையதை அழிக்கலாமா என்று இரண்டு தடவை கேட்டது. மரியாதை தெரிந்த கருவி. இரண்டு தடவையும் 'ஆம்' என்றேன்.

அவர் வந்து திறந்தார். பண்ணை முழுக்கக் களை. நாய் இல்லை. திரையிலிருந்த பெயரை வெகுநேரம் பார்த்தார். கருவியை மடித்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சுமியே சான், உடம்பப் பாத்துக்கங்க."

வெறுங்காலோடு வெளியே போனார், செருப்பு வாசலிலேயே இருந்தது. பனி உருகி ஆறு நிறைய ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஆற்றங்கரை மேட்டில் ஏறுவதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது, கூப்பிட்டால் கேட்கிற தூரம். நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கான அரிசி.

இதையெல்லாம் உங்கள் போலீஸ் அறிக்கையில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் என்னை விட்டுப் போனார் என்று மட்டும் எழுதாதீர்கள். இருபது வருடம் கழித்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ஐயா. அன்றைக்குத்தான் அவர் என்னிடம் திரும்பி வந்தார்.