செத்தவளின் நிபந்தனை

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் சந்தையில் என்னைப் பேரம் பேசி வென்ற ஆள் இன்னும் பிறக்கவில்லை. அப்படிப்பட்ட நான் மண்டூர்த் துறையில், ஆளையும் வண்டியையும் அக்கரை சேர்க்கும் படகுப் பாதையில் மோட்டார் சைக்கிளோடு ஏறி நிற்கும்போது, பக்கத்தில் நின்ற பொம்பிளை தன் மச்சாளிடம் சொன்னா:

"இண்டைக்கு என்ட சாவுக்கு நானே ஒப்பாரி வைக்கப் போறன்."

"என்னகா விசர்க் கதை?"

"வானொலி நாடகத்தில தாய்க்குக் குரல் குடுத்தனே. எங்கட ஊரில ஆரும் இப்பிடிக் கதைக்கமாட்டாங்க எண்டு எழுதிறவருக்குச் சொன்னன். அடுத்த பகுதியிலயே பாம்பைக் கடிக்க விட்டு அந்தத் தாயைச் சாகடிச்சிட்டார்."

"மறுகா எதுக்குக் கூப்பிடுறாங்க?"

"மகளா நடிக்கிற பிள்ளைக்கு ஒப்பாரி வருகுதில்ல. சினிமாப் பாட்டு மாதிரி இழுக்குதாம். அவளுக்காக நான் அழவேணுமாம்."

"வெக்கமில்லாம ஓம் எண்டுட்டியா?"

"ஓம் எண்டன். ஆனா ஒப்பாரி முடியேக்க விசகடி வைத்தியர் வரவேணும், நான் எழும்பவேணும் எண்டும் சொல்லிப்போட்டன்."

"ஒத்துக்கொண்டாங்களா?"

"இன்னும் பதில் இல்ல. பாம்பு விட்டவர்தானே, யோசிப்பார்."

கரை கிட்டும்போது அவட போன் அடித்தது. "ஓம், ஓம்" என்று கேட்டுவிட்டு வைத்தா.

"வைத்தியர் வாறாராம். எழுதினவரே அவருக்குக் குரல் குடுக்கிறாராம்."

"அப்ப சரிதானே."

"எங்க சரி? எங்கட ஊர்ப் பேச்சு அவருக்கு வராதாம். நான்தான் சொல்லிக் குடுக்கவேணுமாம்."

ஆருக்கும் வழி விட்டுப் பழகாத நான், அவ முதலில் இறங்கட்டும் என்று என் மோட்டார் சைக்கிளை ஒதுக்கிப் பிடித்தேன்.