ஒரு சொட்டு எலுமிச்சை

கத்தியைத் தோல் உறையில் போட்டு வைக்கக் கூடாது, ஐயா. பலருக்கு இது தெரிவதில்லை. பார்க்க அழகாக இருக்கிறதே என்று உறையில் செருகிவிடுகிறார்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பை அரித்துவிடும். என் கத்திகளெல்லாம் கண்ணாடி அலமாரியில், பருத்தித் துணிமேல், எண்ணெய் பூசிப் படுத்திருக்கும். மனைவியின் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்க மறந்திருக்கிறேன். கத்திக்கு எண்ணெய் போட மறந்ததில்லை.

நீங்கள் எடுத்துப்போன கொம்புப் பிடிக் கத்திதான் என் சேகரிப்பின் மகுடம். நூற்றைம்பது வருடத்துக் கைவேலை. பழைய சாமான் கடையில் கிடைத்தது. சுற்றிலும் பூட்டும் கீலும் துருவேறிக் கிடக்க, இது மட்டும் பளிச்சென்று இருந்தது. சாதாரண வேலை இல்லை என்று பார்த்த மாத்திரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

சேகரிப்பாளர் சங்கத்துக்கு நான்தான் தலைவர். எது அசல், எது போலி என்று நான் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் ஆசை ஆசையாகக் கொண்டுவந்த கத்தியைப் போலி என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் அழவே வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவனின் கத்தி கண்காட்சியின் நடுமேசையில் இருக்கப் போகிற சமயத்தில், சாப்பிட வந்த மைத்துனன் அலமாரியைத் திறந்தான். அவன் பல் டாக்டர். பல்லோடு நின்றிருக்கலாம்.

"அத்தான், இது எவர்சில்வர்" என்றான்.

நான் சிரித்தேன். அவன் விடவில்லை.

"நாள் பூரா இதே ஸ்டீலத்தான் ஊரார் வாயில விட்டுக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? நீங்க சொல்ற காலத்துல இந்த ஸ்டீலே கிடையாது. எவனோ உங்க தலையில நல்லா மொளகா அரச்சிருக்கான். ஒரு சொட்டு எலுமிச்சை விட்டுப் பாப்போம். பழைய இரும்புன்னா கறுத்துடும். கறுக்கலைன்னா எவர்சில்வர்."

அவன் கத்தியோடு சமையலறைக்குப் போனான். நான் கையுறை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். இதை வைத்துத் திட்டமிட்ட கொலை என்று எழுதிவிடாதீர்கள். வெறும் கையால் நான் எந்தக் கத்தியையும் தொடுவதில்லை; வியர்வையில் உப்பு இருக்கிறது.

"ஒரு சொட்டுதானே, பாத்துட்டாத்தான் என்ன?" என்றாள் மனைவி. "சங்கத்துல போய் மானம் போறதுக்கு இங்கயே தெரிஞ்சுக்கலாமே."

நான் அவன் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டேன். மரியாதையாகத்தான் வாங்கினேன். அவனும் கொடுத்துவிட்டான்.

"விடுக்கா" என்றான். "அத்தானுக்குப் பயம்."

எனக்கு என்ன பயம்? புளிப்பு பட்டால் பழைய இரும்பு பாழாகும், அவ்வளவுதான். அதைச் சொல்லிப் புரியவைக்க நேரமில்லை. அவன் எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துவிட்டான். விலாவில் குத்தினேன். அதில் குழப்பம் வேண்டாம், குத்தியது நான்தான்.

உடனே உருவியும்விட்டேன். அப்படியே விட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அவர்கள் உடம்பைப் பற்றிப் படித்தவர்கள். ஈரத்தில் கிடக்கிற இரும்பைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

ரத்தம் எலுமிச்சையைவிட மோசம், ஐயா. உடனே துடைக்காவிட்டால் இரும்பில் கறுப்பாக ஏறிவிடும். மனைவி துண்டை வைத்து அவன் விலாவை அழுத்திக்கொண்டு, "ஃபோன் உங்க பையிலதானே இருக்கு, ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க" என்று கதறினாள். என் காதில் விழாமல் இல்லை. கையுறையோடு ஃபோனைத் தொட்டால் அது வேலை செய்யாது. கையுறையைக் கழற்றினால் கத்தியைத் தொட முடியாது. துடைத்து, உலர்த்தி, எண்ணெய் பூசி முடித்தபிறகு கூப்பிடலாம் என்றிருந்தேன். அதற்குள் அவளே பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டாள். திரும்பி வந்தபோது அவனுக்கு மூச்சு இல்லை. என் வேலையும் முடிந்திருந்தது.

இப்போது நீங்கள் ஒரு புகைப்படத்தைக் காட்டுகிறீர்கள். அவசரத்தில் பிடியை ஒட்டி இரும்பில் கொஞ்சம் ரத்தத்தை விட்டுவிட்டேனாம். அது நாள்கணக்கில் அப்படியே காய்ந்து கிடந்ததாம். உங்கள் ஆட்கள் சுரண்டிப் பார்த்தால் அடியில் ஒரு புள்ளி கறுப்பு இல்லையாம், கண்ணாடியாட்டம் மின்னுகிறதாம். சொல்லிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறீர்கள்.

பரிதாபப்பட என்ன இருக்கிறது? இத்தனை நாள் ரத்தம் ஊறியும் கறுக்கவில்லை என்றால், நான் அதை எப்படிப் பராமரித்திருக்கிறேன் என்று பாருங்கள். மைத்துனன் மட்டும் உயிரோடு இருந்திருந்தால், இந்தப் படத்தைக் காட்டியே அவன் வாயை அடைத்திருப்பேன்.