பச்சைத் தோல் வார்

இடுப்பு வலிக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. தூணில் சாய்ந்துகொண்டு சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். மக்பூல் அகமது சாயபுவின் தோல் பதனிடுகிற ஷாப்பில் சிறுபிள்ளையாகச் சேர்ந்த நாளிலிருந்து, ஊறின தோலைத் தொட்டியிலிருந்து தூக்கிக் கொடுக்கிற வேலைதான் எனக்கு. தண்ணீர் குடித்த எருமைத் தோல் ஒரு ஆள் கனம் இருக்கும். இந்த வலியைப் பற்றி என் வீட்டுக்காரர் காசிநாதன் ஒரு நாளும் கேட்டதில்லை. "உனக்கு இன்னா முனியம்மா, கல்லு மாதிரி கீற" என்பார். அதைப் புகழ்ச்சியாகத்தான் சொல்வார்.

சம்பூர்ணம் என் ஓரகத்தி. என் கொழுந்தன் பச்சையப்பனின் மனைவி. நாங்கள் ஒரே வீட்டில்தான் இருந்தோம். வருஷத்தில் ஏதோ ஒரு மாசம் அவள் மனசு படுத்துவிடும். சுவரைப் பார்த்துப் படுத்தால் படுத்ததுதான். தலை வாரமாட்டாள், சோறு கேட்கமாட்டாள், செத்தால் தேவலை என்பாள். பச்சையப்பன் வேலை விட்டு வந்து, தோல் வாடை போகக் கை கழுவி, கஞ்சியை ஆற்றி ஊட்டுவான். "ரெண்டு வாய் குடி சம்பூ, மூணாவது வாய நான் குடிச்சிக்கறேன்" என்று கெஞ்சுவான். நான் அடுப்பை ஊதியபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

பிறகு அது தானாக விலகும். மாதக்கணக்கில் உங்களையும் என்னையும் போல இருப்பாள். சில சமயம் மறுபக்கம் ஏறிவிடும். தூங்காமலே துள்ளுவாள். ஷாப்பில் தோல் ஊறப்போட இரண்டு ஆள் வேலையாக ஆவாரம்பட்டை இடிப்பாள், பாட்டுக் கட்டுவாள், கூலி முழுக்கத் தெருப் பிள்ளைகளுக்கு மிட்டாயாகப் போகும். ஏலகிரி மலையை விலை பேசப்போகிறேன் என்பாள். தெருவே சிரிக்கும், அப்புறம் பயப்படும். படுத்தாலும் அவளைத்தான் பார்த்தார்கள், ஆடினாலும் அவளைத்தான் பார்த்தார்கள்.

தெருவில் பேய் என்றார்கள். பேய் இல்லை என்று எனக்குத் தெரியும். வயிறு எரியப் பார்க்கிறவள் நன்றாகப் பார்ப்பாள், ஐயா. போதாததற்கு அவளே சொன்னாள். நல்லபடியாக இருந்த நாளில், அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, இது காய்ச்சல் மாதிரி ஒரு நோவுதான். தூக்கம் போச்சின்னா மேல ஏறுது. நான் தூங்கலன்னு தெரிஞ்சா வெளக்க அணைச்சி என்னப் படுக்கப் போட்ருங்க. அவருக்கும் உங்களுக்கும்தான் இத்தச் சொல்லிகீறேன்."

நான் எழுந்தபோது இடுப்பைப் பிடித்ததைப் பார்த்துவிட்டாள். "இன்னாக்கா, இவ்ளோ நோவ வெச்சிக்கினு சொல்லவே இல்ல? வர ஞாயித்துக்கெழம வேப்பெண்ண காய்ச்சித் தேச்சி உடறேன்" என்றாள். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காததை அவள்தான் கேட்க வேண்டியிருந்தது.

அந்த வாரம் அண்ணனும் தம்பியும் சரக்கோடு மெட்ராஸுக்கு ரயில் ஏறினார்கள். பச்சையப்பன் வாசலில் நின்று, "அண்ணி, அவ வேளைக்குத் தூங்கணும். உங்கள நம்பித்தான் போறேன்" என்றான்.

ஒருத்தியைத் தூங்கவிடாமல் வைப்பது பெரிய வித்தை இல்லை. மாவாட்டச் சொன்னேன். நெஞ்சு படபடக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து விசிறு என்றேன். கண் சொருகும்போதெல்லாம் பேச்சுக் கொடுத்தேன். ஒரு சுடுசொல் சொல்லவில்லை. அன்பாகத்தான் பேசினேன்.

அவர்கள் திரும்புவதற்குள் ஏறிவிட்டது. தெருவுக்கு ஓடினாள், சிரித்தாள், பானைகளை எடுத்து வீசினாள். பச்சையப்பன் இருந்திருந்தால் கட்டமாட்டான், பக்கத்தில் உட்கார்ந்து தணிகிற வரை பேசுவான். நான் பிடித்து வந்து இரண்டு கையையும் சேர்த்து வாசல் கம்பத்தில் கட்டினேன்.

கயிறு இல்லையா என்று நீங்கள் முதல் நாள் கேட்டீர்கள். கைக்குக் கிடைத்ததை எடுத்தேன் என்றேன். அது பொய். கயிறு ஆணியில்தான் தொங்கியது. அதைத் தாண்டிப் போய், ஷாப்புத் தொட்டியிலிருந்து பதப்படுத்தாத பச்சைத் தோலில் ஒரு வார் கிழித்து வந்தேன். ஈரத்தில் அது மெத்தென்று இருக்கும். வெயிலில் காயக் காயச் சுருங்கி எலும்பு வரைக்கும் இறுகும். எங்கள் தெருவில் இது தெரியாதவர் இல்லை. அதனால் வார் யார் கண்ணிலும் படாமல் மேலே துணி சுற்றினேன்.

எதிர்வீட்டுச் சுந்தரி வந்தாள். "நெழல்ல கட்டேன், முனியம்மா" என்றாள்.

"நெழல்லதான் பேய் கெட்டியாப் புடிக்கும். தொட்டவங்க மேலயும் தாவும்" என்றேன்.

"கை நோவுது, கை நோவுதுன்னு அழுவறாளே."

"அழுவறது அது. அவ இல்ல."

சுந்தரி போய்விட்டாள். அதற்குப்பின் யாரும் கிட்டே வரவில்லை. பேய் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. தண்ணீர் மட்டும் நான் கொடுத்தேன். மறுநாள் பொழுது சாயும்போது பச்சையப்பன் வந்து, கத்தியால் வாரை அறுத்தான். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் ஸ்டேஷனுக்கு ஓடினான்.

வேலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு கையையும் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். இது வந்து போகிற நோய், தூக்கமும் துணையும் இருந்தால் ரொம்ப நாள் நன்றாக இருப்பாள் என்று டாக்டரம்மா சொன்னார்களாம். அதைச் சொல்ல டாக்டரம்மா வேண்டியதில்லை.

நேற்று உங்கள் ஏட்டு வந்து ஒன்று சொன்னார். சம்பூர்ணம் தெளிந்துவிட்டாளாம். "அக்கா பயந்துபோய் கட்டிட்டாங்க, பாவம், அவங்கள ஒண்ணும் பண்ணாதீங்க" என்றாளாம். ஷாப்பு முழுக்க இப்போது அவள் குணத்தைத்தான் பேசுகிறார்கள். கை போயும் பேர் அவளுக்கே வந்தது. அதைப் பொறுக்க முடியாமல்தான் நானே நடந்து வந்தேன். நான் பயப்படவில்லை, ஐயா. தெரிந்து தூக்கத்தைக் கெடுத்தேன், தெரிந்து கட்டினேன். எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். என் இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதாக அவள் தன் வாயால் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. அந்தக் கடனைச் சம்பூர்ணம் எனக்கு இன்னும் அடைக்கவில்லை.