கெசாயா என்று எழுதிய குடுவை

எங்கள் வீட்டு ஆப்பிள் சாறு இப்ஸ்விச்சிலேயே நல்லது, ஐயா. நீங்களும் குடித்திருக்கிறீர்கள்.

அந்த மஞ்சள் குடுவையைப் பற்றிக் கேட்டீர்கள். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. அதன் வயிற்றில் களிமண் குழம்பால் ‘கெசாயா, 1671’ என்று எழுதியிருக்கும். எங்கள் குடும்பத்தில் கடல் தாண்டி இந்தக் கரைக்கு வந்த முதல் பெண்ணின் பெயர். அதைத்தான் எனக்கு வைத்தார்கள். குடுவையும் உனக்குத்தான் என்று அம்மா சொல்லியே வளர்த்தாள்.

அம்மா படுக்கையில் கிடந்த பதினொரு வருடமும் கழுவித் துடைத்தது நான். ஒரு தச்சர் என்னைப் பெண் கேட்டு வந்தார். மறுத்தேன். தம்பி ஜோதாம் டார்கஸைக் கட்டிக்கொண்டு வந்த மூன்றாம் நாள், அம்மா தலைமாட்டிலிருந்த குடுவையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

“எம் பேருதானம்மா எழுதியிருக்கு?”

“உனக்கெதுக்குடி? உனக்கப்புறம் யாருக்குக் குடுப்ப, பூனைக்கா?”

டார்கஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்தக் குடுவையோடு ஒரு சொல்லும் கைமாற வேண்டும். பால் ஊற்றலாம், புளித்தது எதையும் ஊற்றக் கூடாது. பளபளப்புப் பூச்சில் ஈயம் இருக்கிறது, புளிப்பு அதைக் கரைத்து இறக்கிவிடும்; குடிக்க இனிக்கும், ஆனால் விஷம். இதை அம்மா எனக்கு மட்டுமே சொல்லியிருந்தாள். டார்கஸிடம் சொல்லாமலே அந்த மாதம் இறந்துபோனாள். குடுவை அவளுக்கு, சொல் எனக்கு. பங்கு அப்படிப் பிரிந்தது.

டார்கஸ் அதை அலமாரியில் அழகுக்கு வைத்திருந்தாள். புழங்காத பாத்திரம் எதற்கு என்றேன். புளித்த ஆப்பிள் சாற்றை முந்தைய நாளே அதில் ஊற்றி அடுப்போரம் வைத்து, காலையில் அவளுக்குக் கொடுப்பேன்.

“என்ன அண்ணி, தேன் கலந்தீங்களா? இப்படி இனிக்குது!”

“குடுவையோட ராசி.”

முதலில் வயிற்று வலி. பிறகு மணிக்கட்டு தொங்கிவிட்டது. கரண்டி பிடிக்க முடியவில்லை. நான் ஊட்டினேன். இரண்டு குழந்தைகள் உயிரில்லாமல் பிறந்தன. நான்தான் துணி சுற்றிக் கொடுத்தேன். போன செவ்வாய் அவளும் போனாள். மூன்று வருடம் அவளை யார் பார்த்துக்கொண்டது என்று ஜோதாமைக் கேளுங்கள்.

குடுவைக்கு ஆசைப்பட்டுச் செய்தேன் என்று மட்டும் என் வாக்குமூலத்தில் எழுதாதீர்கள். முதல் குழந்தையைப் புதைத்த வாரம், டார்கஸ் அதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

“உங்க பேருதானே இருக்கு. நீங்களே வச்சுக்குங்க அண்ணி. எனக்கு மனசே கேக்கல.”

நான் வாங்கவில்லை. அம்மா அவளுக்குக் கொடுத்தது. அம்மாவின் வார்த்தையை மீற எனக்கு உரிமை இல்லை. கழுவித் துடைத்து, மறுநாளைக்கு ஊற்றி வைத்தேன்.