இடக்கோடிக் கட்டை

மதியம் மூன்று மணி. வெயில். கிடங்குகளுக்குப் பின்னால் போகும் தெரு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் லாரி இல்லை, ஆள் இல்லை, ஒரு நாய்கூட இல்லை...

“பேய் பகல்லயா வரும்?” என்றான் டிரம்மர்.

வண்டி நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. கச்சேரி முடிந்து திரும்பும் வழி. வெளியே இருட்டும் மழையும். ஜன்னல்களை ஏற்றிவிட்டு, வாத்தியப் பெட்டிகளுக்கு நடுவே முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். மெக்கானிக் வரும்வரை ஒரு பேய்க் கதை சொல் என்று என்னை நச்சரித்தவனும் அவன்தான்.

“குறுக்க பேசினா நிறுத்திடுவேன்.”

“நீ சொல்லுப்பா. அவன் வாயை நான் பாத்துக்கறேன்,” என்றாள் பாடகி.

சொன்னேன்.

அந்தத் தெருவில்தான் என் நண்பனுடைய அக்கா வீடு. அத்தான் விளம்பரங்களுக்கு இசை போடுகிறவர். கார் நிறுத்தும் அறையை ஒலிப்பதிவு அறையாக மாற்றியிருந்தார். கதவு கையகலத் தடிமன். ஓரமெல்லாம் ரப்பர். சுவரெல்லாம் பஞ்சு. உள்ளே எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது. அதில் அவருக்கு அப்படியொரு பெருமை. வீட்டுக்கு வருகிறவர்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி, “கத்துங்க, நல்லா கத்துங்க,” என்பார்.

மூடிப்போன ஒரு ஸ்டுடியோவிலிருந்து அவருக்குப் பழைய டிரம் மெஷின் ஒன்று கிடைத்தது. அந்தக் காலத்துச் சாமான். அதற்குள் பதிவுசெய்த ஒலி எதுவும் கிடையாது. பொத்தானை அழுத்தும் நொடியில், மின்சாரத்திலிருந்து புதிதாகச் சத்தம் பிறக்கும். அதனால்தான் அதற்கு இத்தனை மவுசு. ஆனால் கணினியோடும் கீபோர்டோடும் பேசாது. பேச வைக்க ‘மிடி’ என்கிற இணைப்பைத் தனியாகப் பொருத்த வேண்டும். பொருத்திவிட்டால் போதும். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் மெஷின் ஒரு சத்தம் கொடுக்கும்.

அந்த வேலைக்கு ஒரே ஆள்தான். மேலெல்லாம் உருகிய ஈயத்தின் வாசனை. அதனால் பெயரே ஈயம்.

“நடுவுல ஒரு கொத்துக் கட்டைதான் பேசும்,” என்று சொல்லி மெஷினைக் கொடுத்தார் ஈயம். “மத்ததெல்லாம் ஊமை. அதை அழுத்திப் பாத்துட்டு, வேலை செய்யலன்னு எனக்குப் போன் போடாதீங்க.”

அத்தான் அதைத்தான் அழுத்திப் பார்த்தார். யார்தான் பார்க்கமாட்டார்கள்? ஊமை... ஊமை... ஊமை. இடக்கோடியில் கடைசிக் கட்டை.

டொக்.

விரல் முட்டியால் மரத்தில் தட்டும் சத்தம். தடித்த மரம். அதன் மறுபக்கத்திலிருந்து.

போன் போட்டார்.

“அண்ணே, ஒரு சத்தம் கூடுதலா வருதே. கதவத் தட்டற மாதிரி.”

“விளையாடாதீங்க. உள்ள இருக்கறதுக்கு வழி போட்டிருக்கேன், அவ்வளவுதான். நான் புதுசா ஒண்ணும் வைக்கல.”

சத்தம் அருமையாக இருந்தது. விட மனமில்லை. மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை ஒரு பிஸ்கட் விளம்பரத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். ஞாயிறு மதியம் செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு அறைக்குள் போனார். பக்கத்தில் போன் இருந்தால் ஸ்பீக்கர் கரகரக்கும்.

கதவைச் சாத்தினார். தாளம் அமைத்தார். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு டொக். ஓடவிட்டார்.

முதல் சுற்று சரி. அடுத்ததில் டொக் சற்று முந்தி விழுந்தது. அதற்கடுத்ததில் இரண்டு விழுந்தன.

மெஷின் தாளம் தப்பாது. மனிதன்தான் தப்புவான்.

நிறுத்தினார். டிரம் நின்றது. டொக் நிற்கவில்லை.

மிடி கேபிளைப் பிடுங்கினார்.

டொக். டொக் டொக்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் பதிவுசெய்த ஒலி கிடையாது. இது எவரோ எப்போதோ தட்டியதல்ல... இப்போது தட்டுவது.

எழுந்து கதவுக்குப் போனார். கைப்பிடி சுற்றியது. பூட்டு அசையவில்லை. மறுபடி திருப்பினார். சும்மா சுற்றியது.

கரண்ட் போனது.

மெஷின் அடங்கியது. ஏசி நின்றது. இருட்டு. ரப்பர் வாசனை. தட்டினார். கத்தினார். அவர் போட்ட பஞ்சு அவர் குரலையே விழுங்கியது. வேலை நேரத்தில் யாரும் பக்கத்தில் வரக்கூடாதென்று சட்டம் போட்டவரும் அவர்தான். அக்கா அதை ஒருநாளும் மீறியதில்லை. சாப்பிடக்கூடக் கூப்பிடமாட்டாள்.

காற்று கனத்தது. சட்டையைக் கழற்றினார். ரப்பர் ஓரத்தில் மூக்கை வைத்து இழுத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. காதுக்குள் தன் ரத்தம் ஓடுவது கேட்டது. விரல் முட்டியில் தோல் கிழிந்தபின் உள்ளங்கையால் அடித்தார்...

“ஜன்னலைக் கொஞ்சம் இறக்கேன்,” என்றாள் பாடகி.

டிரம்மர் இறக்கினான். மழை உள்ளே அடித்தது. யாரும் ஏற்றச் சொல்லவில்லை.

கதவைத் திறந்தது அக்கா. வெளியிலிருந்து கைப்பிடியை லேசாகத் திருப்பியதும் திறந்துகொண்டதாம். அவள் கையில் அத்தானின் போன். அதில் ஈயத்தின் குரல்.

“உங்க ஆளுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சாங்க?” என்றாள் அக்கா. “அவரு எங்க, உடனே போய்ப் பாரு, பாருன்னு ஒரே கத்தல்.”

ஈயத்தின் மேசையில் அதே ரக மெஷின் இன்னொன்று இருந்திருக்கிறது. வேறு யாருடையதோ. மூடி திறந்து கிடந்தது. மிடி கேபிள் மாட்டவில்லை. யாரும் எதையும் அழுத்தவில்லை. ஸ்பீக்கரில் தட்டல் வந்தது. முதலில் விரல் முட்டி. பிறகு உள்ளங்கை. அத்தான் முந்தின நாள் சொன்னது ஞாபகம் வந்து போன் போட்டிருக்கிறார்.

“பரவால்லையே, நல்ல பேய்தான். உசுரக் காப்பாத்திருக்கு,” என்றான் டிரம்மர்.

“அவரைக் காப்பாத்திச்சு,” என்றேன்.

அத்தானுக்கு அதன்பின் தூக்கம் போனது. தான் தட்டியது ஒருவர் காதில் விழுந்தது, ஆள் வந்தது. அப்படியானால் தன் மெஷினில் தட்டுகிறவர்? பழைய ஸ்டுடியோ இருந்த இடத்துக்குப் போனார். இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். கதவென்று ஒன்றும் இல்லை. விசாரித்தவரை யாரும் காணாமல்போகவும் இல்லை. திரும்பி வந்தார். மெஷினை விற்கவில்லை. அணைக்கவும் இல்லை. தினமும் அந்தக் கட்டையை ஒருமுறை அழுத்துவார். நான் இங்கே இருக்கிறேன், கேட்கிறது என்று சொல்வதுபோல. உடனே பதில் வரும். அவசர அவசரமாக.

“எந்தக் கதவுன்னு தெரியாம எதைடா போய்த் திறக்கறது?” என்று என்னிடம் கேட்டார். அழுதுவிடுவார் போலிருந்தது.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். எனக்காக ஒருமுறை அழுத்திக் காட்டினார்.

பதில் இல்லை. காத்திருந்தோம். ஸ்பீக்கரின் ஒலியைக் கடைசிவரை கூட்டினார். இரைச்சல். அதற்கு அடியில் ஏதோ... தட்டல் இல்லை. இழுக்கிற சத்தம். மரத்தில் நகம்.

அத்தான் ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தார். தொழில்காரக் காது.

“முன்னெல்லாம் கதவு நடுவுலேர்ந்து வரும்,” என்றார். “இப்பக் கீழேர்ந்து வருதுடா. தரையோட தரையா.”